வாங்காமல் விற்போரும் அந்தமான் நிலமும்

கையில் காசில்லாமல் நிலத்தில் இறங்குவது எப்படி என்னும் பாடம் தமிழில் இப்போது நன்றாக விலைபோகிறது. பாடம் எளியது. சந்தை விலை அறியாத, அல்லது அவசரத்தில் இருக்கும், ஒரு நில உரிமையாளரைக் கண்டுபிடிக்க வேண்டும். சிறு முன்பணம் கொடுத்து அவரோடு விற்பனை ஒப்பந்தம் போட வேண்டும். கிரயம் முடிக்க ஒப்பந்தம் தரும் மூன்று மாதத்துக்குள், விலை அறிந்த ஒருவரைத் தேடிப்பிடித்து ஒப்பந்தத்தை அவர் பக்கம் மாற்றிவிட வேண்டும். இரண்டு விலைக்கும் இடையே நிற்பது இலாபம். நான்கைந்து முறை இப்படிச் செய்தால் சேரும் தொகையில் சொந்தமாக ஒரு மனை, பிறகு ஒரு வீடு, பிறகு வாடகை வருமானம். அமெரிக்காவில் இதற்கு ‘ஹோல்சேலிங்’ என்று பெயர். தமிழ்நாட்டுத் தரகு வட்டாரம் இதையே ‘அக்ரிமென்ட் போட்டுக் கைமாற்றிவிடுவது’ என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது.

இதை மோசடி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. ஆனால் பெரும்பாலான வடிவங்களில் சட்டம் இதைத் தடுப்பதில்லை. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. சட்டம் தடுக்காத, ‘தொழில்முனைவு’ என்ற நற்பெயரும் பெற்றுவிட்ட, படித்த இளைஞருக்கு முதற்படியாகப் பரிந்துரைக்கப்படுகிற ஒரு செயலின் இலாபம் யாரிடமிருந்து வருகிறது என்று கேட்பது ஆய்வுலகின் வேலை. அந்தக் கேள்விக்கு அந்தமான் நிகோபார் தீவுகளைவிடப் பொருத்தமான சோதனைக்களம் இந்தியாவில் அரிது. சென்னைப் புறநகரில் ஒரு மனையின் வரலாற்றை நான்கு தலைமுறை மூலப்பத்திரங்களுக்குள் தேட வேண்டியிருக்கிறது. அந்தமானில் தனியார் கையிலுள்ள வேளாண் நிலத்தின் கணிசமான பகுதிக்குத் தொடக்கம் ஒன்றே: அரசு ஒரு குடும்பத்தைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து, ஒரு காரணம் கருதி, அந்நிலத்தை அதன் கையில் கொடுத்தது.

முதலில் பெயரைப் பார்க்கலாம். கோயம்பேட்டில் தக்காளியை மொத்தமாக எடுக்கும் வியாபாரி லாரிச் சரக்குக்குப் பணம் கட்டுகிறார், இறக்குகூலி கொடுக்கிறார். மழை பிடித்துக்கொண்டால் பாதிப் பெட்டி அழுகும்; அந்த நட்டமும் அவருடையதே. மொத்த வியாபாரம் என்ற சொல்லுக்குள் சரக்கு, கிட்டங்கி, நட்டம் ஆகிய மூன்றும் அடங்கியிருக்கின்றன. நில ‘ஹோல்சேலிங்’கில் இம்மூன்றில் ஒன்றும் கிடையாது. சரக்கு கடைசிவரை உரிமையாளரிடமே கிடக்கிறது. கைமாறுவது ஒரு தாள். அந்தத் தாள் விலைபோகாவிட்டால் தாள்காரருக்கு டோக்கன் அட்வான்ஸ் போகும்; உரிமையாளருக்கு வேறு எவரிடமும் விற்க முடியாமல் கழிந்த மாதங்கள் போகும். இரண்டாவது இழப்பை எந்தப் பாடத்திட்டமும் கணக்கில் எழுதுவதில்லை.

தாளின் உயிர் ஒரு சிறு தொடரில் இருக்கிறது. தமிழில் எழுதப்படும் விற்பனை ஒப்பந்தங்களைப் புரட்டியவர்கள் அதை அறிவார்கள்: வாங்குபவருக்கோ ‘அவர் குறிப்பிடும் நபருக்கோ’ கிரயம் செய்து கொடுக்க விற்பவர் கட்டுப்படுகிறார். பத்திர எழுத்தர் பழக்கத்தில் எழுதிவிட்டுப் போகும் சொற்கள் இவை. கையெழுத்திடும் உரிமையாளர் இவற்றைக் குடும்பத்தின் மொழியில் புரிந்துகொள்கிறார். வாங்குபவர் தம் மனைவி பெயரிலோ மகன் பெயரிலோ பதிவு செய்துகொள்வார் போலும் என்று நினைத்துக்கொள்கிறார். எதிரில் அமர்ந்திருப்பவரோ அந்த மூன்று சொற்களுக்குள் இன்னொரு விற்பனையையே வைத்திருக்கிறார். தமிழிலேயே இந்தக் கதி என்றால், வீட்டில் வங்காளமும் கடைத்தெருவில் இந்தியும் பேசி, ஆங்கிலத்தில் எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் ஹேவ்லாக் விவசாயியின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

சட்டம் இந்தத் தாளுக்கு எவ்வளவு மதிப்புத் தருகிறது? 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 54-ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்லிவிட்டது: விற்பனை ஒப்பந்தம் தன்னளவில் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது. பவர் பத்திரமும் உயிலும் ஒப்பந்தமும் சேர்த்து எழுதி நிலத்தைக் கைமாற்றும் வழக்கத்தை 2011-இல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்ததும் இதே அடிப்படையில்தான். ஆனால் ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லி வழக்குத் தொடுக்கும் உரிமை ஒப்பந்தக்காரருக்கு உண்டு. 1963-ஆம் ஆண்டின் குறித்த வகைத் தீர்வழிச் சட்டப்படி, பொதுவாக அவரிடமிருந்து உரிமை பெற்றவருக்கும் உண்டு. வழக்கிடக் கால வரம்பு 3 ஆண்டுகள். ஒப்பந்தம் ஒரு தரப்புக்கு நியாயமற்ற அனுகூலம் தருவதாக இருந்தால் அதை நிறைவேற்றாமல் விடும் விருப்புரிமையைப் பழைய 20-ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு அளித்திருந்தது. 2018-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பிரிவை எடுத்துவிட்டது. வணிக உலகத்துக்கு ஒப்பந்த உறுதி வேண்டும் என்று செய்யப்பட்ட திருத்தம், தன் ஒரே நிலத்தை அடிமாட்டு விலைக்கு எழுதிக் கொடுத்தவருக்கு இருந்த சிறு புகலிடத்தையும் பறித்தது.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. நிறைவேற்றம் கோருபவர் தாம் பணம் செலுத்தத் தொடக்கம் முதலே ஆயத்தமாகவும் விருப்பமாகவும் இருந்ததை மெய்ப்பிக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. ‘காசில்லாமல்’ என்ற பாடத்தின் முதற்சொல்லே அந்த மெய்ப்பைக் கெடுத்துவிடும். ஆக நீதிமன்றத்தில் நின்று பார்த்தால் காசற்ற ஒப்பந்தக்காரரின் வாள் மொட்டையானது. ஆனால் வாள் வீசப்பட வேண்டிய தேவையே எழுவதில்லை. வக்கீல் அறிவிப்பு ஒன்று போதும். ஹேவ்லாக்கிலிருந்து வழக்குக்குத் தலைநகருக்குக் கப்பலேற வேண்டும். மேல்முறையீடு என்றால் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் சுற்று அமர்வு. நாற்பது ஆண்டு பாக்குத் தோட்டத்தில் நின்ற மனிதர் அந்தப் பயணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, சொன்ன விலைக்கே கையெழுத்திட்டுவிடுவார்.

இனி அந்த மனிதர் யார் என்பதைச் சொல்லியாக வேண்டும். கிழக்கு வங்காளத்திலிருந்து பிரிவினையில் வீடிழந்து வந்த குடும்பங்கள் 1949 முதல் அந்தமானில் குடியேற்றப்பட்டன. வழக்கமான ஒதுக்கீடு குடும்பத்துக்குச் சுமார் 10 ஏக்கர்: பாதி நெல்லுக்கு, பாதி மேட்டு நிலம். காடழித்துக் கழனியாக்கும் வேலை அவர்களுடையது. பின்னர் கேரளம், தமிழகம், சோட்டா நாகபுரி ஆகிய பகுதிகளிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. பர்மாவிலிருந்து வெளியேற்றப்பட்ட தமிழர் வந்தனர். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டோரில் ஒரு சிறு பகுதியினர் கச்சல் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தனர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தீவுகளின் மக்களில் சுமார் 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். உதிதி சென் எழுதிய ‘சிட்டிசன் ரெஃப்யூஜி’ (2018) இந்தக் குடியேற்றத்தை அரசு எவ்வாறு தன் தேவைக்கேற்ப வடிவமைத்தது என்று விரிவாகக் காட்டுகிறது. அகதிக்குத் தரப்பட்டது வெறும் இரக்கம் அன்று. காட்டைத் திருத்தும் உழைப்பு, தீவில் குடியிருக்கும் கடமை ஆகியவற்றுக்கு மாற்றாகத் தரப்பட்ட நிலம் அது. அந்தத் தீவுகளின் பழங்குடிகளுக்கு இதில் ஒரு சொல்லும் கேட்கப்படவில்லை என்பது தனியே பேச வேண்டிய அநீதி.

உரிமையின் தன்மையும் வேறு. 1966-ஆம் ஆண்டின் நில வருவாய் மற்றும் நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறையின்படி தீவுகளின் நிலம் அனைத்தும் அரசைச் சார்ந்தது. தனிமனிதருக்கு அவ்வொழுங்குமுறை எந்த அளவு தருகிறதோ அந்த அளவே உரிமை. தமிழ்நாட்டில் ‘பட்டா நிலம்’ என்று சொல்லும்போது நாம் மனத்தில் கொள்ளும் முழுமை அங்கே இல்லை. ‘ஃபார்ம் எஃப்’ என்று வழங்கும் பதிவேட்டுப் படியில் இருப்பது நிபந்தனைக்குட்பட்ட வகைப்பாடுகள். வேளாண் நிலத்தில் விடுதி கட்ட நிலப் பயன்மாற்ற ஆணை வேண்டும். கடலோரம் என்றால் தீவுக் கடலோர ஒழுங்குமுறையின் தடைக்கோடும் குறுக்கே வரும். தீவுக்கூட்டத்தின் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். அதில் 85 விழுக்காட்டுக்கு மேல் சட்டப்படி காடு. எஞ்சிய சிறு துண்டிலிருந்து அரசு நிலத்தையும் படைகளின் நிலத்தையும் கழித்தால் விற்கவும் வாங்கவும் முடிகிற நிலம் எவ்வளவு குறுகியது என்பது விளங்கும். ‘ஒன்று போனால் இன்னொன்று’ என்று பெருநிலத்தில் பேசும் பேச்சு அங்கே செல்லாது.

இந்தக் குறுகிய துண்டின் மீதுதான் சுற்றுலா வந்து இறங்கியது. ராதாநகர் கடற்கரையை 2004-இல் ‘டைம்’ இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்றது. அதே ஆண்டு டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை. தென் அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் அமிழ்ந்தது. சிப்பிகாட் போன்ற இடங்களில் நெல்வயல்கள் உப்புநீருக்கடியில் போய்விட்டன. ஒரே தலைமுறையின் கண்முன் ஒரு பக்கம் கழனி செத்தது. மறுபக்கம் கோவிந்த நகர், விஜய் நகர் கடலோரத் தென்னந்தோப்புகளுக்குக் கொல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆள் தேடி வந்தது. நெல்லின் கணக்கில் நிலத்தை அளக்கும் ஒருவரும் விடுதி அறை வாடகையின் கணக்கில் அதே நிலத்தை அளக்கும் ஒருவரும் ஒரே மேசையில் அமரும்போது, நடுவில் ஒரு நாற்காலி தானாக முளைக்கிறது. ‘ஹோல்சேலிங்’ பாடம் கற்பிப்பது அந்த நாற்காலியில் எப்படி அமர்வது என்பதை.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். உரிமையாளருக்குச் சொன்ன விலை 40 லட்சம். முன்பணம் 1 லட்சம். கடைசியாக வாங்குபவர் கொடுக்க ஒப்புக்கொண்டது 70 லட்சம். உரிமையாளர் நேராகக் கடைசி வாங்குநருக்கே கிரயம் எழுதுகிறார். பத்திரத்தில் 40 லட்சம். மீதி 30 லட்சம் ஒப்பந்த உரிமையை விட்டுக்கொடுத்ததற்கான தொகையாகப் பத்திரத்துக்கு வெளியே கைமாறுகிறது. இது முழுவதும் வங்கி வழியே, வரி கட்டி, கறுப்புப் பணம் ஒரு ரூபாய்கூட இல்லாமல் நடப்பதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கேடு எஞ்சுகிறது. அது அந்த உரிமையாளரோடு நின்றுவிடுவதில்லை.

2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் 26-ஆம் பிரிவில் சந்தை மதிப்பைக் கணக்கிட வழி சொல்கிறது. அக்கம்பக்கத்தில் முந்தைய 3 ஆண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்களை எடுத்து, அவற்றுள் உயர்ந்த விலை காட்டும் பாதியின் சராசரியைக் காண்பது அவ்வழிகளில் ஒன்று. பதிவாளர் அலுவலகத்துக்குத் தெரிந்தது 40 லட்சம் மட்டுமே. 70 லட்சம் என்ற எண் எந்த அரசுப் பதிவேட்டிலும் ஏறவில்லை. நாளை சாலைக்கோ துறைமுகத்துக்கோ பக்கத்து வயலை அரசு எடுத்தால், அந்த வயல்காரர் தம் வாழ்நாளில் கண்டிராத ஒரு தரகரின் இலாபத்துக்காக இழப்பீட்டில் வெட்டு வாங்குவார். ‘விற்பவரும் சம்மதித்தார், வாங்கியவரும் சம்மதித்தார், மூன்றாமவருக்கு என்ன?’ என்னும் வாதம் இந்த இடத்தில் உடைகிறது. மூன்றாமவர் பக்கத்து வயலில் நிற்கிறார்.

இது வெறும் கற்பனை அச்சமும் இல்லை. பெரிய நிகோபாரில் சரக்குப் பெட்டகத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரியம் என 166 சதுர கிலோமீட்டருக்கு விரியும் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. அதில் 130 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு. இன்று சுமார் 8,000 பேர் வாழும் தீவில் மூன்றரை லட்சம் பேரைக் குடியமர்த்தும் கணக்கு அது. 1969 முதல் அங்கே குடியேற்றப்பட்ட முன்னாள் படைவீரர் குடும்பங்களின் நிலமும் அதன் வழியில் கிடக்கிறது. ஷொம்பென், நிகோபாரியர் உரிமைகளைப் பற்றியும் தோல்முதுகு ஆமைகளின் கலத்தியா விரிகுடாவைப் பற்றியும் ஆய்வாளர்கள் எழுப்பிய குரல் தேவையானது, நேர்மையானது. ஆனால் இவ்வளவு பெரிய அறிவிப்பு ஒரு சிறு தீவின் சிறு நிலச் சந்தையில் காதோடு காதாக என்னென்ன ஒப்பந்தங்களைப் பிறப்பிக்கும் என்ற கேள்வி ஏறத்தாழ அனாதையாக நிற்கிறது. கையகப்படுத்தலின் முதல்நிலை அறிவிப்பு வந்தபின் நிலப் பரிமாற்றத்தை 2013 சட்டம் தடுக்கிறது. திட்டம் பேசப்படத் தொடங்கும் நாளுக்கும் அந்த அறிவிப்பு வெளியாகும் நாளுக்கும் இடையே பல ஆண்டுகள் கிடக்கலாம். முன்கூட்டியே செய்தி அறிந்தவர்களின் அறுவடைக்காலம் அது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் பொருளியலிலிருந்து வருகிறது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இஸ்ரேல் கிர்ஸ்னர் 1973-இல் எழுதிய ‘காம்பெட்டிஷன் அண்ட் ஆன்த்ரப்ரனர்ஷிப்’ நூலில் தூய தொழில்முனைவோர் கையில் மூலதனமே தேவையில்லை என்றார். ஒரே பொருளுக்கு இரண்டிடத்தில் இரண்டு விலை நிலவுவதை யார் முதலில் கவனிக்கிறாரோ அவருடைய விழிப்பே அவர் முதல். அந்த விழிப்புதான் சந்தையைச் சமநிலைக்குத் தள்ளுகிறது. ஆகவே இலாபம் அவருக்கு உரியது. பின்னாளில் அவர் இதை அறநெறியாகவும் வளர்த்தார்: கண்டெடுத்தவருக்கே சொந்தம். ‘ஹோல்சேலிங்’ பயிற்றுநர் ஒருவரும் கிர்ஸ்னரைப் படித்திருக்க மாட்டார். ஆனால் அவர்களுக்காக மேடையில் பேசச் சொன்னால் கிர்ஸ்னரைவிட நன்றாகப் பேச ஆளில்லை.

மறுப்பு அவருடைய தர்க்கத்துக்குள்ளேயே இருக்கிறது. விழிப்பு சந்தைக்குப் பயன்படுவது விலைச் செய்தி பரவும்போது. ஆரஞ்சு மலிந்த ஊரில் வாங்கி அருகிய ஊரில் விற்பவர் மலிந்த ஊரில் விலையை உயர்த்துகிறார். அடுத்த முறை அவ்வூர் விவசாயி கூடுதலாகக் கேட்பார். நில ஒப்பந்தத்தைக் கைமாற்றுபவரின் பிழைப்பு இதற்கு நேரெதிரானது. 70 லட்சம் என்ற செய்தி உரிமையாளர் காதுக்கு எட்டும் நொடியில் அவர் தொழில் முடிந்தது. பதிவேட்டில் ஏறாத, அக்கம்பக்கம் அறியாத, விற்றவருக்கே தெரியாத விலை எந்தச் சந்தையைச் சமநிலைக்குக் கொண்டுவரும்? மேலும் கிர்ஸ்னரின் கண்டெடுப்பாளர் எவருக்கும் சொந்தமாகாத ஒன்றைக் காண்கிறார். கோவிந்த நகர்த் தோப்பை மாட்டோடும் மண்வெட்டியோடும் மூன்று தலைமுறை காத்தவர்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு ‘நான் கண்டெடுத்தேன்’ என்று சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

இன்னொரு வாதம் எளிய மனிதரிடமிருந்து வருவது. அதற்கு மதிப்புக் கூடுதல். வங்கி கடன் தராது, அப்பன் சொத்து இல்லை, அரசு வேலைக்கு வரிசை நீளம். நிலமற்ற கூலித் தொழிலாளியின் மகன் வேறு எப்படித்தான் ஒரு மனை வாங்குவான்? தீவுகளில் இக்கேள்வி இன்னும் கூர்மையானது. பிலிப் ஜெமிஷ் ‘மினி-இந்தியா’ (2017) என்ற நூலில் காட்டியபடி, ராஞ்சிப் பகுதியிலிருந்து காட்டுவேலைக்குக் கொண்டுவரப்பட்ட ஆதிவாசித் தொழிலாளர்களின் வழிவந்தோர் பலர் இன்றும் ஆவணமற்ற நிலத்தில்தான் குடியிருக்கிறார்கள். 2002-இல் உச்ச நீதிமன்றம் காட்டு ஆக்கிரமிப்புகளை அகற்ற ஆணையிட்டபோது அச்சத்தில் உறைந்தவர்களும் இத்தகையோர். அகதிக்கு 10 ஏக்கர் கிடைத்தது, கூலிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்ற மனக்குறை நியாயமானது.

ஆனால் அந்த இளைஞருக்கு இப்பாடம் காட்டும் வழி என்ன? அவரைப் போன்றே வக்கீல் துணையற்ற, ஆங்கிலம் படிக்க வராத ஒருவரைத் தேடு என்கிறது. பாடத்தின் மொழியில் நல்ல ‘பார்ட்டி’ என்பவர் யார்? கணவரை இழந்தவர், பாகப்பிரிவினைச் சண்டையில் இருப்பவர், மருத்துவச் செலவில் மாட்டியவர், மகள் திருமணத்துக்கு நாள் குறித்தவர். இவர்களைக் கண்டுபிடிக்கும் திறனே முதலில் கற்பிக்கப்படுகிறது. அமெரிக்காவில் ராபர்ட் ஆலனின் ‘நத்திங் டவுன்’ 1980-இல் வெளிவந்த காலம் முதல் முன்பணமற்ற நில முதலீட்டு இலக்கியம் ‘உந்துதலுள்ள விற்பனையாளர்’ என்று நாகரிகமாகச் சொல்லிவருவதும் இந்த மனிதர்களைத்தான். அங்கே ஒரு நிலைக்குமேல் சட்டமன்றங்களே விழித்துக்கொண்டன. இல்லினாய் மாநிலம் 2019-இல், 12 மாதங்களுக்குள் இருமுறையோ அதற்குமேலோ இதைத் தொழிலாகச் செய்வோருக்குத் தரகர் உரிமம் கட்டாயம் என்றது. ஓக்லஹோமா 2021-இல் இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே ‘வேட்டையாடும்’ என்ற அடைமொழி இருக்கிறது. தோன்றிய நாட்டில் கடிவாளம் போடப்படும்போது, இறக்குமதியான இடத்தில் அது பயிலரங்கப் பாடமாகிறது.

இங்கே கடிவாளம் யார் கையில்? அந்தமான் நிகோபாருக்கான மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம் சென்னையில் இருக்கிறது. தமிழ்நாட்டு ஆணையமே தீவுகளையும் சேர்த்துப் பார்க்கிறது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பதிவுபெற்ற கட்டுமான, மனைப்பிரிவுத் திட்டங்களின் தரகர்களைத்தான் பிடிக்கும். தனித்த ஒரு தென்னந்தோப்பை ஒப்பந்தத்தில் கட்டி விற்பவர் அந்த வலையின் கண்களுக்கிடையே நழுவிப் போகிறார். தமிழ்நாடு 2012 திருத்தத்தின் வழி விற்பனை ஒப்பந்தங்களைக் கட்டாயப் பதிவின்கீழ் கொண்டுவந்தது. அது மாநிலத் திருத்தம் என்பதால் தீவுகளுக்குப் பொருந்தாது. பதிவுச் சட்டத்தின் 49-ஆம் பிரிவோ, பதிவாகாத ஒப்பந்தத்தையும் நிறைவேற்ற வழக்கில் சான்றாகக் காட்ட இடம் தருகிறது. தாளுக்கு வழக்காடும் பலம் உண்டு, வெளிச்சத்துக்கு வரும் கட்டாயம் இல்லை. இதைவிட வசதியான ஏற்பாடு ஒப்பந்தக்காரருக்குக் கிடைக்காது.

நிலம் என்றால் விற்பனைக்கு இருந்தே தீரும் என்று கருதுவோர் அதே யூனியன் பிரதேசத்தின் தென்பாதியைப் பார்க்கலாம். 1956-ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறையால் நிகோபாரின் பெரும்பகுதிக்குள் வெளியார் அனுமதிச் சீட்டின்றி நுழையவே முடியாது; பழங்குடியல்லாதோர் அங்கே நிலத்தில் உரிமை கொள்வதற்கும் அவ்வொழுங்குமுறை தடை போடுகிறது. கார் நிகோபாரில் நிலம் ‘துஹேத்’ என்னும் கூட்டுக் குடும்பத்துக்கு உரியது; யார் எந்தத் தோப்பில் தேங்காய் எடுப்பது என்பதைக் குடும்பமே வகுத்துக்கொள்கிறது. அது பொன்னுலகம் என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் அங்கே ‘அவர் குறிப்பிடும் நபருக்கோ’ என்ற தொடருக்கு வேலையில்லை. ஒரே கடலில் இரண்டு நில ஒழுங்குகள் நிலவும்போது, ஒன்றை மட்டும் இயற்கையின் விதி என்று சொல்வது பொருளியல் வகுப்பறையில்கூட எடுபடாது.

ஆய்வுலகின் பங்கு இதில் சிறியதன்று. அந்தமான் என்றால் செல்லுலார் சிறை, ஜாரவா, இப்போது பெரிய நிகோபார் என்று ஆய்வுத் தலைப்புகள் மூன்று துறைமுகங்களிலேயே நங்கூரமிடுகின்றன. குடியேறியோரின் மூன்றாம் தலைமுறை தன் நிலத்தை யாருக்கு, எந்த வழியாக, எந்த விலைக்கு இழக்கிறது என்ற கேள்வி கருத்தரங்கத் தலைப்பாகவும் ஆவதில்லை. கிரயப் பத்திரங்களையும் ஃபார்ம் எஃப் மாற்றங்களையும் ஒரே ஒரு ஊருக்கு, விஜய் நகருக்கு என்று வைத்துக்கொள்வோம், 2004 முதல் வரிசையாக எடுத்து, விற்றவர்களையும் வாங்கியவர்களையும் நேரில் கேட்டு இரண்டு விலைகளையும் அருகருகே வைத்தால் ஒரு நல்ல முனைவர் பட்ட ஆய்வு கிடைக்கும். அதே சமயம், கல்லூரித் தொழில்முனைவு மேசைகளில் ‘முதலீடின்றி வருமானம்’ என்ற தலைப்பில் இவ்வித உரைகள் நிகழும்போது எழுந்து ஒரு கேள்வி கேட்கப் பேராசிரியருக்குத் தயக்கம் எதற்கு? ஒரே கேள்வி போதும்: நீங்கள் மறுவிற்பனைக்காகத்தான் ஒப்பந்தம் போடுகிறீர்கள் என்பதையும் எந்த விலைக்குக் கேட்கப்போகிறீர்கள் என்பதையும் விற்பவரிடம் கையெழுத்துக்கு முன் சொல்வீர்களா?

சொல்வேன் என்றால் அவர் தரகர். தரகு ஒரு மரியாதையான தொழில். இரு தரப்புக்கும் தெரிந்து இரண்டு விழுக்காடு வாங்கிக்கொண்டு போகலாம். வாங்குநரைத் தேடிக் கொடுத்த உழைப்புக்கு அது கூலி. சொல்லமாட்டேன் என்றால், மீதித் தொகை எதற்கான விலை என்பதை அவரே விளக்கட்டும்.

தீவு நிர்வாகம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அதற்குப் பெரிய சட்டம் வேண்டாம். வேளாண் நில விற்பனை ஒப்பந்தம் ஒவ்வொன்றையும் பதிவுக்குக் கொண்டுவந்து, வங்காளம், இந்தி, தமிழ், தெலுங்கு என விற்பவர் படிக்கும் மொழியில் ஒரு பக்கத் தாளை அதனுடன் இணைக்கச் செய்யலாம். வாங்குபவர் தமக்காக வாங்குகிறாரா, பிறருக்கு மாற்றவா. மாற்றினால் கூடுதல் தொகையும் கிரயப் பத்திரத்தில் ஏற வேண்டும். கையெழுத்திட்ட 15 நாளுக்குள் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து விற்பவர் விலகிக்கொள்ளலாம். அத்தாளில் இருக்க வேண்டியவை இந்த மூன்று வரிகள்தாம். அவற்றை எழுத மறுப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாலே, ஆய்வின் முதல் அத்தியாயத்துக்குத் தரவு கிடைத்துவிடும்.